ஒரே நிகழ்ச்சி, இரண்டு அலைவரிசை: அமெரிக்க வானொலி நிலையங்கள் ஏன் இணைகின்றன, ஏன் மாறுகின்றன?

2024 ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க்கின் 880 ஏஎம் செய்தி வாசிப்பதை நிறுத்தியது. 1967இலிருந்து செய்தி நிலையமாகவே இருந்த டபிள்யூசிபிஎஸ் 880, ஒரே இரவில் விளையாட்டுப் பேச்சு நிலையமானது. அதே நிறுவனத்தின் இன்னொரு செய்தி நிலையமான 1010 வின்ஸ் தொடர்கிறது. அது 92.3 எஃப்எம்மிலும் கேட்கிறது. அந்த 92.3, 2022 வரை ராக் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த நிலையம்.

ஆக, பாட்டுக் கேட்டவர்களுக்குப் பாட்டு போயிற்று, 880இல் செய்தி கேட்டவர்களுக்குச் செய்தி போயிற்று. ஆனால் ஒரே செய்தி இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது. கேட்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். அங்கே வாழும் தமிழர்கள் பலரும் காரில் போகும்போது இதைக் கவனித்திருப்பார்கள்: ஒரு ஊரில் கேட்ட அதே குரல் பக்கத்து ஊரில் வேறு எண்ணில் வருகிறது, அடுத்த மாதம் அந்த எண்ணில் ஸ்பானிஷ் பாட்டோ பக்திப் பாட்டோ ஓடுகிறது.

இதில் ரசனை மாறியது, ராக் செத்துவிட்டது என்பதெல்லாம் பாதிக் கதைதான். மீதிப் பாதி நிலப்படத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வானொலி உரிமம் ஒரு குறிப்பிட்ட ஊரின் பெயரில் தரப்படுகிறது. விளம்பரப் பணமோ பெருநகரத்தின் பெயரில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்க நிறுவனங்கள் செய்யும் வேலைகள்தான் நாம் கேட்கும் குழப்பத்தில் பெரும்பங்கு.

முதலில் நான்கு சொற்கள்

1. உரிம ஊர். எஃப்சிசி எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம்தான் உரிமம் தருகிறது. ஒவ்வொரு உரிமமும் ஏதோ ஓர் ஊருக்கானது. அந்த ஊரின் பெரும்பகுதிக்குச் சிக்னல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. மணிக்கு ஒருமுறை, மணி மாறும் நேரத்தை ஒட்டி, தன் அழைப்பெழுத்துகளையும் (டபிள்யூசிபிஎஸ் போன்ற அடையாள எழுத்துகள்) உடனே அடுத்து உரிம ஊரின் பெயரையும் நிலையம் சொல்லியாக வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அழைப்பெழுத்து பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்கும், மேற்கே கேயில்.

2. மார்க்கெட். இது அரசாங்கம் போட்ட எல்லை கிடையாது. நேயர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் வகுத்தது. 2013இல் ஆர்பிட்ரான் என்ற பழைய நிறுவனத்தை நீல்சன் வாங்கியதிலிருந்து இந்த வேலை அவர்களிடம் இருக்கிறது. ஒரு பெருநகரமும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் சேர்ந்தது ஒரு மார்க்கெட். சில மார்க்கெட்டுகள் பெரிய மார்க்கெட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். லாங் ஐலண்டின் நாசோ, சஃபோக் மாவட்டங்கள் நியூயார்க்குக்குள்ளும், சான் ஹோசே சான் ஃபிரான்சிஸ்கோவுக்குள்ளும் அப்படித்தான் எண்ணப்படுகின்றன. விளம்பரம் கொடுப்பவர் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான், உரிமத்தில் உள்ள ஊரை அல்ல.

3. ஃபார்மேட். நிலையம் எந்த வகை நிகழ்ச்சி தருகிறது என்பது: கன்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாணி இசை), ஹிப் ஹாப், செய்தி, விளையாட்டு, ஸ்பானிஷ், கிறிஸ்தவப் பாடல் இப்படி. நம்மூர் எஃப்எம்களைப் போல எல்லாருக்கும் சினிமாப் பாட்டு என்ற நிலை அங்கே இல்லை. ஒவ்வொரு நிலையமும் ஒரு வயதையோ இனத்தையோ விருப்பத்தையோ குறிவைத்து ஓடும்.

4. சைமல்காஸ்ட். ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் விடுவது. பதிவு செய்து பிறகு போடுவது இதில் சேராது.

சிக்னல் எவ்வளவு தூரம் போகும்?

எஃப்எம் நிலையங்களை எஃப்சிசி வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. மிகச் சிறிய வகுப்பான ஏ நிலையத்துக்கு அதிகபட்சம் 6 கிலோவாட், ஆன்டெனா உயரம் 100 மீட்டர் என்று கணக்கு. அதன் பாதுகாக்கப்பட்ட எல்லை சுமார் 28 கிலோமீட்டர். வடகிழக்கு மாநிலங்களிலும் கலிஃபோர்னியாவின் பெரும்பகுதியிலும் பெரிய நிலையங்கள் பி வகுப்பு: 50 கிலோவாட், 150 மீட்டர், சுமார் 65 கிலோமீட்டர். மற்ற பகுதிகளில் சி வகுப்பு நிலையம் 100 கிலோவாட்டில், 600 மீட்டர் உயரத்திலிருந்து, 90 கிலோமீட்டரைத் தாண்டும்.

எல்லைக்கு வெளியே நிலையம் கேட்காது என்று அர்த்தம் இல்லை. கேட்கும், ஆனால் வேறு நிலையம் குறுக்கே வந்தால் சட்டம் காப்பாற்றாது, அவ்வளவுதான்.

ஏஎம் கதை வேறு. பகலில் தரை வழியாகப் பரவும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் அடுத்த நிலையத்தை மிதிக்கும். அதனால் பல ஏஎம் நிலையங்கள் பொழுது சாய்ந்ததும் சக்தியைக் குறைக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட திசையில் மட்டும் சிக்னலை அனுப்ப வேண்டும். நகரம் வளர்ந்து புறநகர் எந்தத் திசையில் நீள்கிறதோ, அந்தத் திசையை ஆன்டெனா பார்க்காமல் இருந்தால் நிலையம் மாட்டிக்கொண்டது. போதாததற்கு எல்இடி விளக்கு, சார்ஜர், மின்சாரக் கார் என்று எல்லாமே ஏஎம்மில் இரைச்சல் போடுகின்றன. அப்புறம் இளம் நேயர்கள் ஏஎம் பட்டன் பக்கமே போவதில்லை.

சைமல்காஸ்ட் எதற்காக?

பொதுவாக மூன்று வேலைகளுக்கு.

1. சாகும் ஏஎம்மிலிருந்து எஃப்எம்முக்கு நேயரைக் கைபிடித்து அழைத்து வர. கடந்த இருபது ஆண்டுகளில் பெருநகரச் செய்தி நிலையங்கள் வரிசையாகச் செய்தது இதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் கேசிபிஎஸ் 740, 2008இல் 106.9இலும் வந்தது. சிகாகோவின் டபிள்யூபிபிஎம் 780, 2011இல் 105.9க்கு. ஃபிலடெல்ஃபியாவின் கேஒய்டபிள்யூ 1060, 2020இல் 103.9க்கு. லாஸ் ஏஞ்சலஸின் கேஎன்எக்ஸ் 1070, 2021 கடைசியில் 97.1க்கு. ஒவ்வொரு முறையும் அந்த எஃப்எம்மில் முன்பு ஓடிய நிகழ்ச்சி ஒன்று காணாமல் போயிற்று.

2. சின்னச் சின்ன நிலையங்களைக் கோத்து பெரிய நிலையம்போல் காட்ட. இதைத் தனியாகப் பார்க்கலாம், சுவாரசியமே அதில்தான்.

3. தற்காலிகமாக இடத்தை நிரப்ப. ஒரு நிலையத்தை வாங்கியாயிற்று, புதிய ஃபார்மேட் தயாரில்லை, ஒலிபரப்பை நிறுத்தி வைக்கவும் மனமில்லை. உடனே பக்கத்து நிலையத்தின் நிகழ்ச்சியைத் திருப்பிவிடுவார்கள். சில வாரங்கள் ஓடும். நேயர் "ஏன் ரெண்டுலயும் ஒரே பாட்டு?" என்று தலையைச் சொறிவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் அளவீட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெருநகரங்களில் நீல்சன் தேர்ந்தெடுத்த ஆட்கள் ஒரு சின்னக் கருவியை உடம்போடு வைத்திருப்பார்கள். ஒலிபரப்பில் நம் காதுக்குப் புலப்படாத சங்கேதத்தை அது பிடித்து, எந்த நிலையம் கேட்டது என்று பதிவு செய்யும். இரண்டு அலைவரிசைகளின் நேயரைக் கூட்டி ஒரே வரியில் காட்ட வேண்டுமானால், விளம்பரம் உட்பட அத்தனையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நீல்சன் விதி. பக்கத்து ஊர் நிலையத்தில் அந்த ஊர்க் கடையின் விளம்பரத்தை மட்டும் மாற்றிப் போட்டால்கூடக் கணக்கு பிரிந்துவிடும். எண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கார் ஷோரூம் விளம்பரத்தை நீங்கள் ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இது ஒரு பதில்.

107.1: விளிம்பை வாங்கி நடுவைப் பிடிக்கப் பார்த்த கதை

1996 பிப்ரவரியில் நியூயார்க்கின் 103.5 கன்ட்ரி இசையைக் கைவிட்டு டான்ஸ் இசைக்குப் போனது. நாட்டின் மிகப் பெரிய நகரத்தில் கன்ட்ரி நிலையமே இல்லாமல் போயிற்று. நகருக்குள் ஒரு எஃப்எம் வாங்குவது யானை விலை. பிக் சிட்டி ரேடியோ என்ற நிறுவனம் வேறு வழி யோசித்தது.

நியூயார்க்கைச் சுற்றி 107.1இல் நான்கு சிறு நிலையங்கள் இருந்தன: வடக்கே வெஸ்ட்செஸ்டரின் பிரையர்க்ளிஃப் மேனர், தெற்கே நியூஜெர்சி கடற்கரையின் லாங் பிராஞ்ச், மேற்கே நியூஜெர்சி மலைப்பக்கத்தின் பெல்விடியர், கிழக்கே லாங் ஐலண்டின் ஹாம்ப்டன் பேஸ். இவற்றில் ஒரே நிகழ்ச்சியைப் போட்டு, ஒய் 107 என்று பெயர் சூட்டி, 1996 டிசம்பரில் கன்ட்ரி நிலையமாகத் தொடங்கினார்கள். காகிதத்தில் அபாரமான திட்டம். எண்ணை மாற்றாமலேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் காரில் போகலாம்.

சிக்கல் நடுவில் இருந்தது. நான்கு வட்டங்களும் விளிம்பில். மார்க்கெட்டின் இதயமான மன்ஹாட்டனில் சிக்னல் பலவீனம். இன்னொன்று எஃப்எம்மின் இயல்பு. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் ரிசீவர் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் வரும் இடத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாவிக்கொண்டே இருக்கும். அங்கே கார் நகர நகரச் சத்தம் கரகரக்கும், விட்டுவிட்டு வரும். நிகழ்ச்சி ஒன்றே என்றாலும் இரண்டு டவரிலிருந்தும் ஒரே கணத்தில் வந்து சேர்வதில்லை. நொடியின் மிகச் சிறிய பங்கு வித்தியாசம்கூடக் காதில் உறுத்தும்.

இதே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸிலும் 107.1இல் மூன்று நிலையங்களைக் கோத்தது. சிகாகோ, ஃபீனிக்ஸிலும் இதே பாணி. நியூயார்க் ஒய் 107, 2002இல் கன்ட்ரியை விட்டு ஸ்பானிஷுக்கு மாறியது. அடுத்த ஆண்டுக்குள் நிறுவனம் நிலையங்களை விற்றுவிட்டது. அந்த வலை கலைந்து, அவை அந்தந்த வட்டாரத்துக்கான நிலையங்களாக மாறின. பிரையர்க்ளிஃப் மேனர் நிலையம் ஹட்சன் பள்ளத்தாக்கு மக்களுக்கான ராக் நிலையமானது. என்னைக் கேட்டால், அந்த உரிமத்துக்கு அதுதான் முதலிலிருந்தே பொருத்தமான வேலை.

ஆனால் இந்த உத்தி முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 93.5இல் ரெடோண்டோ பீச்சின் கேடே நிலையமும், கிழக்கே ஒன்டாரியோ ஊரின் நிலையமும் பழைய ஹிப் ஹாப் பாடல்களைச் சேர்ந்து ஒலிபரப்பி வந்திருக்கின்றன. முதலாவது லாஸ் ஏஞ்சலஸ் மார்க்கெட்டுக்கு, இரண்டாவது பக்கத்து மார்க்கெட்டான ரிவர்சைட், சான் பெர்னார்டினோவுக்கு. இங்கே வித்தியாசம் என்னவென்றால், இரண்டு நிலையங்களுமே மக்கள் நெருக்கம் உள்ள இடத்தில் நிற்கின்றன. வேலைக்காக ஒரு மார்க்கெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தினமும் கார் ஓட்டுபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் பகுதி அது.

வாஷிங்டன் 2006: ஒன்றைத் தள்ளினால் மூன்று நகரும்

ஒரு பெருநகர முடிவு பக்கத்து ஊர்களில் எப்படி இடிக்கும் என்பதற்கு வாஷிங்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டபிள்யூடிஓபி அங்கே செய்தி நிலையம். 1500 ஏஎம்மில் இருந்தது. இரவில் அதன் சிக்னல் வளர்ந்துவந்த மேற்குப் புறநகரங்களில் சரியாகக் கேட்காது. அதனால் 1990களின் பிற்பகுதியிலேயே விர்ஜீனியாவின் வாரன்டன் பக்கமிருந்த ஒரு எஃப்எம்மில் சைமல்காஸ்ட் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 2006 ஜனவரியில் பெரிய முடிவெடுத்தார்கள்: நகரின் வலுவான எஃப்எம்களில் ஒன்றான 103.5க்கே செய்தி மாறியது.

103.5இல் அதுவரை இருந்தது டபிள்யூஜிஎம்எஸ் என்ற மேற்கத்தியச் செவ்வியல் இசை நிலையம். அதே நிறுவனத்தின் நிலையம்தான். அதை 104.1, 103.9 என்ற இரண்டு எண்களுக்குச் சைமல்காஸ்டாக அனுப்பினார்கள். 104.1இன் உரிம ஊர் தெற்கே வால்டார்ஃப், 103.9இன் உரிம ஊர் வடமேற்கே ஃபிரெடெரிக் அருகிலுள்ள பிராடக் ஹைட்ஸ். ஒரு வலுவான சிக்னலுக்குப் பதில் இரண்டு ஓர நிலையங்கள். செவ்வியல் இசை ஒரு வருடம்தான் தாங்கியது. 2007 ஜனவரியில் டபிள்யூஜிஎம்எஸ் மூடப்பட்டது. அதே சமயத்தில் பொது வானொலியான டபிள்யூஇடிஏ, செய்தியையும் பேச்சையும் விட்டுவிட்டுச் செவ்வியல் இசைக்கு மாறி அந்த நேயர்களை ஏற்றுக்கொண்டது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு செய்தி நிலையம் நல்ல சிக்னல் தேடியதில், ஒரு செவ்வியல் நிலையம் செத்தது, ஒரு பொது வானொலி முகம் மாறியது, இரண்டு புறநகர் எண்களில் ஓடிய நிகழ்ச்சி மாறியது. வியாபாரமாகப் பார்த்தால் முடிவு சரிதான்: டபிள்யூடிஓபி அதன்பின் பல ஆண்டுகள் நாட்டிலேயே அதிக வருமானம் ஈட்டும் நிலையங்களின் உச்சியில் இருந்தது. இன்று அது 103.5இல் வாஷிங்டனுக்கும், 107.7இல் மனாசஸ் உரிமத்திலும், 103.9இல் பிராடக் ஹைட்ஸ் உரிமத்திலும் ஒரே குரலில் பேசுகிறது. மணிக்கொருமுறை வரும் அடையாள அறிவிப்பில் மூன்று ஊர்ப் பெயரும் மூச்சுவிடாமல் ஓடும். பிராடக் ஹைட்ஸ் என்ற பெயரைக் கேட்கிற வாஷிங்டன்காரர்களில் எத்தனை பேருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியுமோ!

மறுபடி 92.3, 880

இப்போது நியூயார்க்குக்குத் திரும்பினால் விஷயம் தெளிவாகும்.

92.3 பல காலமாக நிலைகொள்ளாத எண். அதன் புகழ்பெற்ற காலை நிகழ்ச்சியாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் 2005 கடைசியில் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனபின், ராக் போய் பேச்சு நிலையம், பிறகு மறுபடி ராக், 2009இல் பாப் ஹிட்ஸ், 2014இல் வேறு பெயரில் அதுவே, 2017இல் ஆல்டர்நேட்டிவ் ராக் என்று மாறிக்கொண்டே இருந்தது. 2022 அக்டோபரில் 1010 வின்ஸ் அங்கே சைமல்காஸ்டாக வந்து உட்கார்ந்தது.

அந்த நிமிடத்திலிருந்தே 880க்கு நாள் குறித்தாயிற்று என்று சொல்லலாம். இரண்டு செய்தி நிலையங்களும் ஒரே நிறுவனம். ஒன்றுக்கு எஃப்எம் கிடைத்துவிட்டது, இன்னொன்று ஏஎம் மட்டும். இரண்டு செய்தி அறைகளுக்குச் சம்பளம் கொடுக்க நிறுவனத்திடம் தெம்பில்லை. அந்த நிறுவனமான ஆடசி 2024 ஜனவரியில் திவால் பாதுகாப்புக்கு மனுப் போட்டிருந்தது. 880 அலைவரிசை விளையாட்டு நிலையம் நடத்தும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு ஒப்பந்தத்தில் போயிற்று.

இதில் யாருக்கு நஷ்டம்? மன்ஹாட்டன்வாசிக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. 1010இன் ஆன்டெனா திசை கட்டுப்படுத்தப்பட்டது. 880 எல்லாத் திசைக்கும் 50 கிலோவாட்டில் பரவுவது. லாங் ஐலண்டின் தொலைவிலும் கனெக்டிகட்டிலும் இருந்தவர்கள் போக்குவரத்துக்கும் வானிலைக்கும் நம்பியது 880ஐத்தான். ரசனையே மாறாவிட்டாலும் அவர்கள் செய்தி நிலையத்தை இழந்திருப்பார்கள்.

நேயர் தடுக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். அதே நியூயார்க்கில் 104.3இல் டபிள்யூஎன்சிஎன் என்ற செவ்வியல் இசை நிலையம் 1974 நவம்பரில் ராக்குக்கு மாறியது. நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1975இல் செவ்வியல் இசை திரும்பி வந்தது. போராட்டம் ஜெயித்தது என்றே அன்று தோன்றியது.

ஆனால் பெரிய கேள்வி நீதிமன்றத்தில் தொடர்ந்தது: ஒரு நகரத்தில் வேறெங்கும் கிடைக்காத ஃபார்மேட்டை நிலையம் கைவிடும்போது எஃப்சிசி தலையிட வேண்டுமா? தேவையில்லை, சந்தை பார்த்துக்கொள்ளும் என்றது எஃப்சிசி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1981இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஒயிட் எழுதிய தீர்ப்பில், எஃப்சிசி பக்கம் நின்றது. நீதிபதிகள் மார்ஷலும் பிரென்னனும் மாறுபட்டார்கள். அன்றிலிருந்து ஃபார்மேட் என்பது முழுக்க உரிமையாளர் முடிவு. டபிள்யூஎன்சிஎன்னும் 1993 டிசம்பரில் மறுபடி ராக்குக்கே போயிற்று, இம்முறை திரும்பவில்லை.

எந்த விதி எதைத் தடுக்கிறது?

1. எத்தனை நிலையம் வைத்திருக்கலாம்? 1996 தொலைத்தொடர்புச் சட்டம் நாடு தழுவிய உச்சவரம்பை எடுத்துவிட்டது. மார்க்கெட்டுக்குள் மட்டும் வரம்பு உண்டு: 45 அல்லது அதற்கு மேல் நிலையம் உள்ள மார்க்கெட்டில் ஒருவர் 8 வரை, அதில் ஏஎம்மிலோ எஃப்எம்மிலோ 5க்கு மேல் கூடாது. சிறிய மார்க்கெட்டில் வரம்பும் சிறியது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் 1,200க்கும் மேல் நிலையங்களைச் சேர்த்தது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவே இன்றைய ஐஹார்ட்.

2. சைமல்காஸ்டுக்குத் தடை இல்லையா? உண்டு, ஆனால் சிறு வட்டத்துக்குள். ஒரே உரிமையாளரின் இரண்டு வணிக எஃப்எம்கள் பெரும்பாலும் ஒரே பரப்பைச் சென்றடைந்தால், வார நிகழ்ச்சியில் கால்பங்குக்கு மேல் ஒன்றாக இருக்கக் கூடாது. 2020இல் இந்த விதியை ஏஎம், எஃப்எம் இரண்டுக்குமே எஃப்சிசி நீக்கியது; 2024இல் எஃப்எம்முக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. ஏஎம்மும் எஃப்எம்மும் சேர்ந்து ஒலிபரப்புவது இதில் வராது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கும் குறைவாகப் படியும் பக்கத்து ஊர் எஃப்எம்களும் வராது. 1010, 92.3 ஜோடியும் கேடே ஜோடியும் சட்டத்துக்குள் நிற்பது இதனால்தான்.

3. ஊரில் ஸ்டூடியோ வேண்டாமா? வேண்டும் என்றுதான் பல பத்தாண்டுகள் இருந்தது. 2017இல் அந்த விதி போய்விட்டது. இப்போது உரிம ஊரில் டவரைத் தவிர வேறெதுவும் இல்லாமலே நிலையம் நடத்தலாம்.

என் பார்வையில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிய மாற்றம், பேசப்பட்டது குறைவு.

பக்கத்து ஊருக்கு என்ன மிச்சம்?

2002 ஜனவரி 18, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன். வடக்கு டகோட்டாவின் மைனாட் ஊருக்கு வெளியே ரயில் தடம்புரண்டு அம்மோனியா வாயு பரவியது. ஒருவர் இறந்தார். ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலிடம் இருந்தன. நிலையத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது போலீஸ். அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியாக இயக்கவில்லை என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்ற சண்டை நெடுநாள் ஓடியது. வெளியூரிலிருந்து வரும் நிகழ்ச்சியை இரவெல்லாம் ஓடவிட்டால் என்ன ஆகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மைனாட் பெயர் அடிபடுவது அதனால்தான்.

இன்னொரு கோடியில் இருப்பது கே-லவ். கிறிஸ்தவப் பாடல்களை விளம்பரமின்றி, நன்கொடையில், நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியாகத் தரும் அமைப்பு அது. நஷ்டத்தில் ஓடும் நிலையங்களை ரொக்கம் கொடுத்து வாங்கும். 2019இல் குமுலஸ் நிறுவனத்திடம் ஆறு நிலையங்களை 10 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, நியூயார்க்கின் புகழ்பெற்ற 95.5 டபிள்யூபிஎல்ஜேவும் அதில் போயிற்று. மே 31 மாலையில் பழைய நிலையம் முடிந்தது. நாடே ஒரு சைமல்காஸ்ட் ஆகும் போக்கு இது. வணிக நிலையங்களுக்கான சைமல்காஸ்ட் தடை இதைத் தொடுவதுகூட இல்லை.

நம்ம ஊர் எஃப்எம் எப்படி வேறுபடுகிறது?

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் சூரியன் எஃப்எம் 93.5தான், ஹலோ எஃப்எம் 106.4தான். இது ஒய் 107 மாதிரிதானே என்று தோன்றலாம். இல்லை. இங்கே உரிமம் நகரவாரியாக ஏலம் விடப்பட்டது. ஒரே நிறுவனத்துக்குப் பல நகரங்களில் ஒரே எண் கிடைத்திருக்கிறது. நகரங்களுக்கு நடுவே தூரமும் போதும். ஒரு நகரத்தின் ஓரத்தை வாங்கி அதன் நடுவைப் பிடிக்கும் விளையாட்டுக்கு இங்கே இடமே இல்லை. எஃப்எம் உரிமங்களுக்கான மத்திய அரசின் மூன்றாம் கட்டக் கொள்கையில் ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்குள் நாடு முழுக்க நிகழ்ச்சியைப் பகிரலாம் என்று அனுமதி வந்தது.

ஃபார்மேட் மாற்றம் இங்கே பெரிதாகப் பேசப்படாததற்குக் காரணம், மாற அதிக வகை இல்லை என்பதே. தனியார் எஃப்எம்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை; ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. (இன்னொரு சின்ன வித்தியாசம்: அமெரிக்க எஃப்எம் எண்களில் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் ஒற்றைப்படைதான் வரும். 106.4 அங்கே சாத்தியமே இல்லை.)

உங்கள் நிலையம் மாறப்போகிறதா? சில அறிகுறிகள்

1. அறிவிப்பாளர்கள் திடீரென்று காணாமல் போய், பாட்டு மட்டும் இடைவிடாமல் ஓடினால் கவனியுங்கள். விடைபெற்றுக்கொள்ள வாய்ப்புத் தராமலே அனுப்பிவிடுவது அந்தத் தொழிலில் சகஜம்.

2. பருவம் தப்பி கிறிஸ்துமஸ் பாட்டு, அல்லது ஒரே பாட்டு நாள் முழுக்க. பழைய நேயரை விரட்டி, ஊரைப் பேச வைக்கும் தந்திரம் இது. தொழிலில் ஸ்டன்டிங் என்பார்கள். சில நாட்களில் புதிய ஃபார்மேட் வரும்.

3. அழைப்பெழுத்து மாற்றம், உரிம ஊர் மாற்றம், விற்பனை ஆகிய எல்லாமே எஃப்சிசியிடம் போக வேண்டும், அந்தப் பதிவுகள் பொதுவில் கிடைக்கும். ஓர் ஊரின் ஒரே நிலையத்தைப் பெருநகரப் பக்கம் நகர்த்த எளிதில் அனுமதி தருவதில்லை; ஆனால் டவரைச் சில கிலோமீட்டர் நகரத்தை நோக்கி நகர்த்தும் விண்ணப்பங்கள் ஏராளம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்த நிலையம் இனி யாரைப் பார்த்துப் பேசப்போகிறது என்று ஊகித்துவிடலாம்.

4. மணி மாறும்போது வரும் அடையாள அறிவிப்பைக் கேளுங்கள். புதிதாக இன்னொரு அழைப்பெழுத்தும் ஊர்ப் பெயரும் சேர்ந்திருந்தால் சைமல்காஸ்ட் தொடங்கிவிட்டது. இரண்டில் எது ஏஎம் என்று பாருங்கள். எஃப்எம்முக்கு நேயர் நகர்ந்துவிட்டார்கள் என்று நிறுவனம் நம்பும் வரைக்கும்தான் அந்த ஏஎம்மில் அதே நிகழ்ச்சி ஓடும். பிறகு டபிள்யூடிஓபியின் பழைய 1500க்கு ஆனதுபோல வேறெதற்காவது கொடுக்கப்படலாம், டவர் நிற்கும் நிலத்துக்கு நல்ல விலை கிடைத்தால் உரிமமே திருப்பி ஒப்படைக்கப்படலாம்.